அதிர்வேட்டும் முணுமுணுப்பும்

ராத்திரியில் கை மரத்துப்போய் எழுந்து உட்கார்ந்து உதறிக்கொள்கிறவர்களை நரம்பு கடத்தல் சோதனைக்கு அனுப்புவார்கள். ஒரு சிறிய ஏசி அறை, ஒரு கட்டில், தள்ளுவண்டியில் ஒரு கணினி. அந்தக் கணினியோடு இணைந்த பெருக்கியைப் பார்க்கத்தான் அன்று நான் போயிருந்தேன். கட்டிலில் அறுபதை நெருங்கும் ஓர் அம்மா. தையல் வேலை செய்கிறவர். ஆட்காட்டி விரலில் கம்பிச்சுருள் வளையங்கள் இரண்டு, புறங்கையில் எர்த் பட்டை.

“கையைத் தளர்வா விடுங்கம்மா. சுரீர்னு இருக்கும், பயப்படாதீங்க.”

“ஊசியா தம்பி?”

“ஊசி இல்லம்மா, கரண்டு. கொஞ்சம்தான்.”

மணிக்கட்டில் இரண்டு முனைகள் கொண்ட தூண்டுகோலை வைத்து அழுத்தினார் டெக்னீஷியன். அம்மாவின் விரல்கள் துள்ளின. திரையில் கோடு பனைமரம் போல நட்டுக்குத்தலாக எழுந்து, உச்சியில் வெட்டுப்பட்டு, பிறகு ஏரிக்கரைச் சரிவு மாதிரி மெதுவாக இறங்கியது. அந்தச் சரிவின் நடுவில் எங்கோ ஒரு சின்னத் திட்டு. நரம்பின் பதில் அதுவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் திட்டின் உயரத்தை எங்கிருந்து அளப்பது, அது எப்போது தொடங்கியது என்று எப்படிச் சொல்வது?

டெக்னீஷியன் உதட்டைப் பிதுக்கினார். வளையங்களைக் கழற்றினார். விரலில் ஜெல் அதிகமாகி ஒரு வளையத்திலிருந்து மற்றதற்கு வழிந்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு விரலையும் உள்ளங்கையையும் துடைத்தார். வெயிலில் பஸ் பிடித்து வந்த கை, வேர்வை காயவில்லை. மறுபடி மாட்டினார். தூண்டுகோலின் வயர் விரலில் இருந்து வரும் வயரோடு பின்னிக் கிடந்ததைப் பிரித்துக் கட்டிலின் அந்தப் பக்கம் போட்டார். கடைசியாக, தூண்டுகோலின் ஒரு முனையை நரம்பின் மேல் அப்படியே ஊன்றிக்கொண்டு, மறுமுனையை மட்டும் கடிகார முள் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தார். ஓர் இடத்தில் சரிவு சட்டென்று படுத்துவிட்டது. தட்டையான கோட்டின் மேல் அந்தத் திட்டு தனியாக, முழு உருவத்தோடு நின்றது.

மருந்தும் இல்லை, மென்பொருளும் இல்லை. இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இயற்பியல் இருக்கிறது.

திரையில் எழுந்த பனைமரத்துக்கு ஆய்வகங்களில் ‘ஸ்டிமுலஸ் ஆர்ட்டிஃபேக்ட்’ என்று பெயர். உடம்பு தந்த குறி போலத் திரையில் தோன்றுகிறது, ஆனால் நாம் கொடுத்த மின்சாரமே நம்மிடம் திரும்பி வந்து நிற்கிறது. இந்த அத்தியாயத்தில் அதைப் பொய்க்குறி என்று அழைக்கிறேன்.

கணக்கைப் பார்க்கலாம். மணிக்கட்டில் கொடுக்கும் துடிப்பு, ஆளின் தோலைப் பொறுத்து, 200 வோல்ட் வரைக்கும் சாதாரணமாகப் போகும். நீளம் 0.1 அல்லது 0.2 மில்லி செகண்ட். விரலில் வந்து சேரும் நரம்பின் பதில் 20 மைக்ரோவோல்ட் இருந்தால் நல்ல பதில். 200 வோல்ட்டை 20 மைக்ரோவோல்ட்டால் வகுத்தால் 1 கோடி. திருவிழாவில் அதிர்வேட்டு வெடித்த மறுகணம், பக்கத்தில் நிற்பவர் முணுமுணுப்பதைக் காதில் வாங்க வேண்டும் என்பது போன்ற காரியம். அந்த 200 வோல்ட்டில் பெரும்பகுதி தூண்டுகோலின் இரண்டு முனைகளுக்கு நடுவிலேயே செலவாகிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் தோலும் வேர்வையும் தசையும் உப்புநீர் நனைந்த கடத்திகள். பத்தாயிரத்தில் ஒரு பங்கு விரல்வரை கசிந்தாலே 20 மில்லிவோல்ட். நாம் தேடும் குறியைப்போல அது ஆயிரம் மடங்கு.

நமக்குச் சாதகமாக இருப்பது நேரம் ஒன்றுதான். கசியும் மின்சாரம் விரலை நொடியும் தாமதிக்காமல் எட்டிவிடும். நரம்பின் துடிப்போ நொடிக்கு 50 மீட்டர் என்ற நிதானத்தில் வருகிறது. மணிக்கட்டிலிருந்து விரல் வளையத்துக்கு 14 சென்டிமீட்டர் என்று வைத்தால் 2.8 மில்லி செகண்ட் ஆகும். வேட்டு 0.2 மில்லி செகண்டில் முடிந்துவிடுகிறது, முணுமுணுப்பு 2.8-இல் வருகிறது. இடையில் வேண்டிய அமைதி இருக்கிறதே, பிறகு என்ன பிரச்சினை?

பிரச்சினை கேட்கிற காதில். வேட்டுச் சத்தம் ஓய்ந்தாலும் காது ‘ஙொய்’ என்று அடைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே காது என்பது பெருக்கி.

பத்தாயிரம் மடங்கு பெருக்கும் ஒரு பெருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மைக்ரோவோல்ட் உள்ளே போனால் 0.2 வோல்ட் வெளியே வரும். சரி. 20 மில்லிவோல்ட் உள்ளே போனால்? கணக்குப்படி 200 வோல்ட் வர வேண்டும். ஆனால் பெருக்கிக்கு நாம் ஊட்டும் மின்சாரமே 12 அல்லது 15 வோல்ட்தான். அதற்கு மேல் அதனால் போக முடியாது. கூரையில் தலை முட்டி நிற்கிறது. பனைமரத்தின் உச்சி வெட்டுப்பட்டதற்குக் காரணம் இதுதான். உள்ளே டிரான்சிஸ்டர்கள் தெவிட்டிப்போகின்றன. தெவிட்டியவை சமநிலைக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் உள்ளே வரும் எதுவும் வெளியே தெரியாது. முணுமுணுப்பு அப்போது வந்தால் போனது போனதுதான். எந்தக் கணினியாலும் அதைப் பிறகு தோண்டி எடுக்க முடியாது.

இதைவிடத் தொந்தரவானது மின்தேக்கி. தோலில் மின்முனை ஒட்டியிருக்கும் இடத்தில் எப்போதும் ஒரு நிலையான மின்னழுத்தம் ஊறிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க, பெருக்கியின் பாதையில் மெதுவான மாற்றங்களை விடாமல் வேகமானவற்றை மட்டும் விடும் வடிகட்டி ஒன்றை வைக்கிறார்கள். அதன் உயிர் ஒரு மின்தேக்கி. வேட்டு வெடிக்கும்போது இந்த மின்தேக்கி நிரம்பிவிடுகிறது. பிறகு ஓட்டைக் குடம் மாதிரி மெதுவாக ஒழுகுகிறது. திரையில் பார்த்த ஏரிக்கரைச் சரிவு அந்த ஒழுகல்தான். எவ்வளவு மெதுவாக என்பதை வடிகட்டியின் எல்லை அதிர்வெண் முடிவு செய்கிறது. 2 ஹெர்ட்ஸில் வைத்தால் ஒழுகலின் காலம் சுமார் 80 மில்லி செகண்ட். 20 ஹெர்ட்ஸில் வைத்தால் 8. நம் பதில் வருவதோ 2.8-இல்.

அப்படியானால் எல்லையை 200 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிவிட்டால் ஒழுகல் 0.8-இல் முடிந்துவிடுமே என்று தோன்றும். முடியும். ஆனால் அதே வடிகட்டி நரம்பின் பதிலையும் கடிக்கும். உயரம் குறையும், உச்சி உண்மையான நேரத்துக்கு முன்னால் நகரும், குறிக்குப் பின்னால் இல்லாத பள்ளம் ஒன்று முளைக்கும். அந்தப் பள்ளத்தை இன்னொரு பதில் என்று எண்ணி அளந்து, அறிக்கையில் எழுதுகிறவர்களும் உண்டு. பொய்யை விரட்டப் போய் வேறொரு பொய்யைக் கூட்டிவந்த கதை. எனக்கு இந்தத் துறையில் பிடித்ததும் பிடிக்காததும் இதுதான். இங்கே இலவசமான வைத்தியம் அநேகமாகக் கிடையாது.

டெக்னீஷியன் செய்தவை மட்டும் அந்த அநேகத்தில் சேராது. ஜெல்லைத் துடைத்தது, வேர்வையைத் துடைத்தது, வயரைப் பிரித்தது எல்லாம் கசிவையே குறைத்தவை. முனையைத் திருப்பிப் பார்த்தாரே, அது கொஞ்சம் நுட்பமானது. இப்போதைய பெருக்கிகள் இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தை மட்டும் பெருக்குகின்றன. இரண்டிலும் ஒரேபோல வருவதைக் கழித்துவிடுகின்றன. 1930-களில் கேம்பிரிட்ஜில் மாத்யூஸ், அமெரிக்காவில் ஓட்டோ ஷ்மிட் போன்றவர்கள் நரம்பாய்வுக்காகவே வளர்த்தெடுத்த உத்தி இது. தூண்டுகோலிலிருந்து பரவும் மின்புலத்தைக் கையின் மேல் வரைந்த மேடு பள்ளம் என்று நினைத்துக்கொண்டால், சம உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் அதில் இருக்கும். இரண்டு வளையங்களும் ஒரே கோட்டில் அமைந்தால் வித்தியாசம் சுழி, பொய்க்குறியும் காணோம். வளையங்களை நகர்த்த முடியாது, விரல் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். அதனால் மேடு பள்ளத்தையே திருப்பிக்கொண்டு வந்தார். நரம்பின் மேல் இருக்கும் முனை அசையாததால் தூண்டல் மாறவில்லை. கணக்குப் போட்டுச் செய்தாரா என்று கேட்டேன். “திருப்பினா வரும் சார்” என்றார்.

கசிவை இதற்கு மேல் குறைக்க முடியாதபோது, காதைப் பொத்திக்கொள்வதுதான் வழி. வேட்டு வெடிக்கும் கணத்தில் பெருக்கியின் உள்ளீட்டைத் துண்டித்து, முன்பிருந்த மதிப்பையே பிடித்து வைத்துக்கொண்டு, ஓய்ந்ததும் திறந்துவிடுவது. கேட்க எளிது. எங்கே பொத்துகிறோம் என்பதில்தான் சூட்சுமம். மின்தேக்கி நிரம்பிய பிறகு, பாதையின் கடைசியில் பொத்தினால் திரையில் பனைமரம் மறையுமே தவிர ஒழுகல் தொடரும். திருடன் வீட்டுக்குள் வந்தபிறகு சமையலறைக் கதவைப் பூட்டுவதற்குச் சமம். வாசலில், மின்தேக்கிக்கு முன்னால், பூட்ட வேண்டும்.

பேசும் நேரம் வேறு, கேட்கும் நேரம் வேறு என்ற இந்த யோசனைக்கு வயது ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல். 1868-இல் யூலியஸ் பெர்ன்ஸ்டீன் என்ற ஜெர்மானியர் நரம்புத் துடிப்பின் வடிவத்தை அளக்க முனைந்தபோது பெருக்கி என்ற ஒன்றே உலகில் கிடையாது. அவரிடம் இருந்த கால்வனாமீட்டரின் முள் ஆடி அடங்கவே நொடிக்கணக்கில் ஆகும். நரம்புத் துடிப்போ ஒரு மில்லி செகண்டுக்குள் முடிகிற சமாச்சாரம். அவர் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டார். சக்கரத்தின் ஓரிடத்தில் உள்ள தொடுமுனை தவளை நரம்புக்குத் தூண்டலைக் கொடுக்கும். இன்னோரிடத்தில் உள்ள தொடுமுனை, சக்கரம் சற்றுச் சுழன்ற பிறகு, கால்வனாமீட்டரைக் கண்ணிமைக்கும் நேரத்திலும் சிறு பங்குக்கு மட்டும் நரம்போடு இணைத்துத் துண்டிக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற அதே கணத்தின் துணுக்குகள் சேர்ந்து முள்ளை அசைக்கும். பிறகு இரண்டு தொடுமுனைகளுக்கும் உள்ள இடைவெளியைச் சிறிது மாற்றி, அடுத்த கணத்தை அளப்பார். இப்படிப் புள்ளி புள்ளியாக அவர் வரைந்த வளைகோடுதான் நரம்புத் துடிப்பின் வடிவத்தை முதன்முதலில் காட்டியது. அதன் வேகமும் அவருடைய ஆசான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளையில் அளந்ததை ஒட்டியே இருந்தது. பெர்ன்ஸ்டீனின் நோக்கம் நேரத்தைக் கூறுபோடுவது. ஆனால் தூண்டும் கணத்தில் கால்வனாமீட்டர் காதைப் பொத்திக்கொண்டிருந்தது என்பதை இன்றைய பொறியாளர் பார்த்தால் புன்னகைப்பார்.

நேரத்தைப் பிரிக்க இன்னும் எளிய வழியும் உண்டு. கைக்குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் ‘பெரா’ சோதனையில் காதுக்குள் ‘டிக் டிக்’ என்று ஒலி கொடுத்து, மூளைத்தண்டின் பதிலைத் தலையில் ஒட்டிய மின்முனைகளில் பிடிக்கிறார்கள். ஒலியை உண்டாக்கும் கருவிக்குள் கம்பிச்சுருள் இருக்கிறது. அதன் மின்காந்தத் தெறிப்பு நேரே மின்முனை வயர்களில் ஏறிவிடும். இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? ஒலிக்கருவியைக் காதிலிருந்து தள்ளிவைத்து, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வழியாக ஒலியைக் காதுக்கு அனுப்பினார்கள். குழாய் ஒரு முழத்துக்கும் குறைவு. அதைக் கடக்க ஒலிக்கு 0.9 மில்லி செகண்ட் வரை ஆகிறது. மின்தெறிப்புக்கு நேரமே ஆகாது. எனவே பொய்க்குறி முன்னால் வந்து போய்விடுகிறது, உண்மையான பதில் பின்னால் தனியாக வருகிறது. இதைவிட மலிவான மின்னணுக் கருவியை நான் பார்த்ததில்லை.

அந்தச் சோதனையில் ஒரே ஒலியை ஆயிரம், இரண்டாயிரம் முறை கொடுத்துப் பதில்களைக் கூட்டிச் சராசரி எடுப்பார்கள். லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் ஜார்ஜ் டாசன் 1950-களின் தொடக்கத்தில், சுழலும் ஸ்விட்ச்சும் மின்தேக்கிகளுமாக ஓர் இயந்திரம் கட்டி இதைச் செய்து காட்டினார். தூண்டலோடு சம்பந்தமில்லாத இரைச்சல் ஒரு முறை மேலேயும் ஒரு முறை கீழேயும் இருப்பதால் கூட்டும்போது கரைந்துவிடும். நம் பொய்க்குறி மட்டும் கரையாது. அது ஒவ்வொரு முறையும் தவறாமல் அதே நேரத்துக்கு, அதே உருவத்தில் ஆஜராகிறது. சராசரியில் உண்மைக் குறிக்குக் கிடைக்கும் அத்தனை மரியாதையும் அதற்கும் கிடைக்கும். முதன்முதலில் சராசரி எடுப்பவர்கள் திரையில் ஒன்று தெளிந்து வருவதைக் கண்டு பூரித்துப்போவதும், பிறகு தலையில் கைவைப்பதும் ஆய்வகங்களில் வழக்கமான காட்சி.

சராசரியோடு ஒரு தந்திரத்தைச் சேர்க்கலாம். ஒரு துடிப்பை நேர்த்திசையிலும் அடுத்ததை எதிர்த்திசையிலும் கொடுப்பது. பொய்க்குறி தலைகீழாகும், இரண்டையும் கூட்டினால் அழியும். நரம்பின் பதில் தலைகீழாவதில்லை. ஒரு குறை உண்டு. எதிர்த்திசைத் துடிப்பு நரம்பை வேறொரு புள்ளியிலிருந்து கிளப்பலாம், பதில் ஒரு நூல் முன்பின்னாக வரலாம். கூட்டும்போது பதில் சற்று மழுங்கும்.

தந்திரங்களில் எனக்கு ஆகப் பிடித்தது காக்ளியர் இம்பிளான்ட்டில் இருக்கிறது. பிறவியிலேயே கேட்காத குழந்தையின் உட்காதுச் சுருளுக்குள் 22 மின்முனைகள் கொண்ட மெல்லிய இழையைச் செலுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழேயே இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. எந்த மின்முனைக்கு எவ்வளவு மின்சாரம் கொடுத்தால் நரம்பு விழித்துக்கொள்ளும் என்று தெரிந்தால்தான் கருவியைச் சரிசெய்ய முடியும். இரண்டு வயதுக் குழந்தையிடம் “கேக்குதாடா கண்ணு?” என்று கேட்டு என்ன பதில் வாங்க முடியும்? நரம்பையே கேட்டுவிடலாம். ஒரு மின்முனையில் துடிப்பைக் கொடுத்து, பக்கத்து மின்முனையில் பதிலைப் பிடிக்கலாம்.

ஆனால் இங்கே 14 சென்டிமீட்டர் கிடையாது. மின்முனைகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் சொச்சம். நரம்பின் பதில் அரை மில்லி செகண்டுக்குள் வந்துவிடுகிறது. வேட்டும் முணுமுணுப்பும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. காதைப் பொத்தினால் இரண்டும் போய்விடும். நேரம் என்ற ஒரே துணையும் கைவிட்டுவிட்டது.

1990 வாக்கில் அமெரிக்காவின் அயோவாவில் பிரௌன், அபாஸ், கான்ட்ஸ் குழுவினர் நோயாளிகளிடம் பயன்படுத்திக் காட்டிய வழி, நரம்பின் களைப்பை நம்பியது. ஒரு முறை துடித்த நரம்பு இழை உடனே மறுபடி துடிக்காது. மூச்சு வாங்கிக்கொள்ளச் சிறு அவகாசம் அதற்கு வேண்டும். உலோகத்துக்கும் உப்புநீருக்கும் அப்படிக் களைப்பு எதுவும் கிடையாது. ஆகவே முதலில் ஒரு துடிப்பை மட்டும் கொடுத்துப் பதிவு செய்கிறார்கள்: இதில் பொய்க்குறியும் இருக்கிறது, பதிலும் இருக்கிறது. அடுத்து, அதே துடிப்புக்கு அரை மில்லி செகண்ட் முன்னால் பலமான இன்னொரு துடிப்பைக் கொடுக்கிறார்கள். நரம்பு முன்னதற்குப் பதில் சொல்லிக் களைத்துவிடுவதால் பின்னதற்கு வாய் திறக்காது. பின்னதன் பொய்க்குறி மட்டும், அச்சு அசலாக, தனியாகக் கிடைக்கிறது. முன்துடிப்பு விட்டுச்சென்ற கறையும் இந்தப் பதிவில் கலந்திருக்குமே? அதற்காக முன்துடிப்பை மட்டும் தனியாகக் கொடுத்து மூன்றாவது பதிவு. பெருக்கியை உசுப்பும்போது அதுவே போடும் சிறு துள்ளலைக் கழிக்க, எந்தத் துடிப்பும் இல்லாமல் நான்காவது பதிவு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டி, நான்காவதைக் கழித்தால் மிஞ்சுவது நரம்பின் பதில்.

இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. நான்கு பதிவுகளிலும் பெருக்கி ஒரு கணம்கூடத் தெவிட்டியிருக்கக் கூடாது. கூரையில் முட்டிய இரண்டு பதிவுகளைக் கழித்தால் சுழிதான் வரும், அதைப் பார்த்து நரம்பு செத்துவிட்டது என்று முடிவுக்கு வரக்கூடாது. கணக்குப் பாடத்தில் கழித்தலுக்கு இப்படி எச்சரிக்கை யாரும் சொல்லித்தருவதில்லை.

தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும்போது இன்னும் பெரிய வேட்டு. ஷெஃபீல்டில் பார்க்கர் குழு 1985-இல் தொடங்கி வைத்த முறை அது. சுருளின் காந்தப்புலம் 1 டெஸ்லாவுக்கு மேல் போகும், அதுவும் ஒரு மில்லி செகண்டில் சிறு பங்குக்குள். தலையிலோ மைக்ரோவோல்ட் தேடும் இ.இ.ஜி. மின்முனைகள். 1997-இல் ஹெல்சின்கியில் இல்மோனியமி குழு, துடிப்பின்போது வாசலிலேயே பூட்டிக்கொள்ளும் பெருக்கியைக் கொண்டு இதைச் சாத்தியமாக்கியது. அதன் பிறகு வேறொரு வில்லங்கம் வெளிப்பட்டது. சுருள் துடிக்கும்போது ‘டக்’ என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு மூளை பதில் சொல்லும். மின்முனையில் வருவது சுத்தமான மூளைக்குறி, ஆனால் காந்தத்துக்கான பதில் அது இல்லை, காதுக்கான பதில். எந்த வடிகட்டியும் இதைப் பிடிக்காது. ஆய்வுக்கு வந்தவரின் காதில் இரைச்சலை ஓடவிட்டு அந்த ‘டக்’கை மூழ்கடிக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் திரையில் நிற்பது உண்மைதானா என்று எப்படி நம்புவது? விலங்கு நரம்பில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குரூரமான வசதி இருக்கிறது. பேத்தை மீனின் நஞ்சான டெட்ரோடோடாக்சினைச் சொட்டினால் நரம்பின் சோடிய வாய்கள் அடைத்துக்கொள்ளும், துடிப்பு நின்றுவிடும். அதன் பிறகும் திரையில் என்ன வருகிறதோ அவ்வளவும் பொய்க்குறி. நோயாளியின் கையில் நஞ்சு சொட்ட முடியாது. அங்கே தூண்டலின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது நல்ல வழி. பொய்க்குறி, மின்சாரம் இரட்டித்தால் தானும் இரட்டிக்கும். நரம்பு அப்படிச் செய்யாது. ஓர் அளவு வரை மௌனமாக இருக்கும், பிறகு பேசத் தொடங்கும், எல்லா இழைகளும் விழித்துக்கொண்ட பிறகு எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் வளராது.

டெக்னீஷியன் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். இடது ஓரத்தில் மிஞ்சியிருந்த சிறு முள் ஒவ்வொரு தடவையும் வளர்ந்தது. நடுவில் இருந்த திட்டு எழுந்து, வளர்ந்து, ஓர் உயரத்தில் நின்றுகொண்டது. இன்னும் இரண்டு தடவை கூட்டினார். முள் மட்டும் நீண்டது. திட்டின் உச்சியில் கர்சரை வைத்தார்: 4.6 மில்லி செகண்ட். முன்பே எடுத்திருந்த இடது கையில் 3.2. மணிக்கட்டின் குறுகிய சந்தில் நரம்பு நெரிபடுவதற்கான அடையாளம் அந்த வித்தியாசம்.

“எந்தக் கையிலம்மா மரத்துப்போறது ஜாஸ்தி?”

“கத்திரி பிடிக்கிற கையிலதான் தம்பி. இன்னும் எத்தனை ஷாக்கு?”

“முடிஞ்சுதும்மா. கையைத் துடைச்சுக்குங்க, ஜெல்லு ஒட்டியிருக்கு.”